ஜாஹிரா அப்பாவிடம் சொன்னாள்

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில் மடிநிழல் இல்லத்துப் பெண் பிள்ளைகளின் பாதங்களை ஜாஹிரா பார்ப்பாள். யாரும் சொல்லி அவள் அதைச் செய்யவில்லை. மறுநாள் மாலை அத்தனை பிள்ளைகளும் வெறுங்காலோடு மலையைச் சுற்ற வேண்டும். முள் தைத்திருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு பாதமாக மடியில் எடுத்து வைத்து, தேங்காய் எண்ணெய் தடவி அனுப்புவாள். பெற்ற தாய்க்குக்கூட அந்தப் பொறுமை இருக்காது.

அன்றைக்குக் கவிநிலாவின் முறை வந்தபோது அவள் காலை நீட்டவில்லை. பாவாடைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"காட்டுடி."

"முள்ளு குத்திடுச்சுக்கா."

"போன பௌர்ணமிக்கும் முள்ளுதான் குத்துச்சு. முள்ளு இன்னா உன் அட்ரஸ வாங்கி வச்சிருக்கா?"

மற்ற பிள்ளைகள் சிரித்தன. கவிநிலா சிரிக்கவில்லை. ஜாஹிரா அவள் காலைப் பிடித்து மடியில் வைத்தாள். உள்ளங்காலில் கோடு இழுத்ததுபோல நேராக ஒரு வெட்டு. அதன் பக்கத்திலேயே ஆறிப்போன இன்னொரு கோடு. எந்த முள்ளும் இப்படி நேராகக் கிழிப்பதில்லை.

மற்றவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

"நீயே பண்ணிக்கிட்டதா?"

பத்து வயதுப் பிள்ளை தலையை மட்டும் அசைத்தது.

"ஏன் கண்ணு?"

"காலு நல்லா இருந்தா அவரோட நடக்கணும்லக்கா."

மடிநிழலில் அதற்குத் துணை நடை என்று பெயர். இல்லத்தைத் தொடங்கிய, பிள்ளைகள் எல்லாம் அப்பா என்று கூப்பிடுகிற ராஜமாணிக்கம்தான் அந்த வழக்கத்தையும் தொடங்கினார். பௌர்ணமிதோறும் இல்லத்துக்கு உதவுகிறவர்கள் வெளியூர்களிலிருந்து வருவார்கள். ஆளுக்கு ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கிரிவலம் போவார்கள். பிள்ளை இல்லாதவருக்கு அன்று ஒருநாள் பிள்ளை. பெற்றவர் இல்லாத பிள்ளைக்கு அன்று ஒருநாள் பெற்றவர். கேட்ட மாத்திரத்தில் கண் கலங்க வைக்கிற ஏற்பாடு. அந்தப் பிள்ளைகள் போகும்போது அடி அண்ணாமலைக் கடைக்காரர்கள் எழுந்து நின்று கும்பிடுவார்கள். சாமியைச் சுற்றுகிற பாதையில், இத்தனை ஜனத்துக்கு நடுவில், ஒரு குழந்தைக்கு என்ன ஆகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஜாஹிராவும் அப்படித்தான் நினைத்தாள்.

கவிநிலாவின் கையைப் பிடிப்பவர் அர்ஜுனன். சென்னையில் அடுக்குமாடி கட்டி விற்கிறவர். இல்லத்தின் புது மாடி அவர் கொடுத்தது. அவர் வந்தால் ராஜமாணிக்கமே வாசல்வரை போய் அழைத்து வருவார்.

"கூட்டமா இருக்கு, கொஞ்ச நேரம் கார்ல உக்காந்து போலாம்னு சொல்வாரு," என்றாள் கவிநிலா, எண்ணெய்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு. "கையப் பிடிக்கறதோட விட மாட்டாருக்கா."

அதற்குமேல் சொல்ல அந்தக் குழந்தையிடம் வார்த்தை இல்லை. அதற்குமேல் கேட்க ஜாஹிராவுக்கும் தெம்பு இல்லை. அந்தச் சிறிய பாதத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"நாளைக்கு நீ அவரோட போக மாட்ட. நான் அப்பாகிட்ட சொல்றேன்."

"அப்பா திட்டுவாரா?"

"பைத்தியம். அப்பா இருக்கும்போது நமக்கு இன்னா பயம்?"

அதைச் சொல்லும்போது அவள் குரலில் துளியும் சந்தேகம் இல்லை. ஏன் இருக்கப்போகிறது?

ஜாஹிராவின் அம்மாவும் வாப்பாவும் ஒரே விபத்தில் போனபோது அவள் பள்ளிக்கூடம் போகிற வயதைக்கூட எட்டவில்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு காரணம் சொல்லி ஒதுங்கினார்கள். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர் ராஜமாணிக்கம். இங்கே இருக்கிற பிள்ளைகளோடு சேர்த்து உமாவோ ரமாவோ என்று வேறு பெயர் வைத்துவிடலாம் என்று அப்போது ஒருவர் சொன்னாராம். "பெத்தவங்க வச்ச பேரு. அத எடுக்க நான் யாரு?" என்று மறுத்துவிட்டார். நோன்பு மாதத்தில் விடியுமுன் அவரே எழுந்து பால் காய்ச்சிக் கொடுத்து அவளைச் சாப்பிட வைப்பார். "மலையைச் சுத்த வேணாம்னா நீ வீட்லயே இரும்மா," என்பார். அவள்தான் விடமாட்டாள். அவர் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு நடக்கிற சுகத்துக்காகவே ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிளம்பி நிற்பாள்.

போளூர் ரோட்டில் மெத்தைக் கடை வைத்திருக்கும் மஸ்தானுக்கு அவளைக் கொடுத்தபோதும், நிக்காஹ் முடிந்து அவள் கிளம்புகிற நேரத்தில், ஊரே பார்க்க அந்த மனிதர் குழந்தைபோல் தேம்பி அழுதார். அந்தப் படம் இன்னமும் இல்லத்து ஆபீஸ் சுவரில் தொங்குகிறது. கல்யாணத்துக்குப் பிறகும் ஜாஹிரா வேறு வேலைக்குப் போகவில்லை. அதே இல்லத்தில் பெண் பிள்ளைகளுக்குக் காப்பாளர் ஆனாள். புதிதாக ஒரு குழந்தை வந்து சேர்ந்தால் அவள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இதுதான்: "எது நடந்தாலும் மொதல்ல அப்பாகிட்ட சொல்லணும். வேற யார்கிட்டயும் சொல்லத் தேவையில்ல. அப்பா பாத்துப்பாரு."

அவளும் அப்பாவிடம் சொன்னாள்.

ராஜமாணிக்கம் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து வந்து அவள் தலைமேல் கை வைத்தார்.

"இந்தக் கைக்குள்ள இருக்கற புள்ளைங்கம்மா அதுங்க. நான் பாத்துக்கறேன். நீ யார்கிட்டயும் வாயத் தெறக்காத. கொழந்த பேரு கெட்டுடும்."

"போலீசுக்கு…"

"அத எப்படிச் செய்யணும்னு எனக்குத் தெரியாதா? நாளைக்குக் காலைல நீ கீழ்பென்னாத்தூர் போய்ட்டு வா. ஒருத்தரு மல்லாட்டை தரேன்னு சொல்லியிருக்காரு, வேன்ல ஏத்தினு வந்துடு. நீ திரும்பி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்."

அந்த வார்த்தையைக் கேட்டு ஜாஹிராவின் நெஞ்சில் இருந்த பாறாங்கல் உருண்டு போனது. வீட்டுக்குப் போய் மஸ்தானிடம்கூட அவள் ஒன்றும் சொல்லவில்லை. "இன்னா, இன்னைக்கு முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று அவன் கேட்டதற்கு, "இருந்துச்சு. அப்பா சரி பண்ணிட்டாரு," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் கீழ்பென்னாத்தூரில் அந்த வேர்க்கடலை விவசாயி வேனைப் பார்த்துத் திகைத்தார்.

"மல்லாட்டையா? இன்னும் கொல்லையிலயே கெடக்குதும்மா. அடுத்த மாசம்தான் தரேன்னு ஐயாகிட்ட சொன்னேனே. நேத்து சாயந்திரம்கூட போன்ல பேசினாரே, மறந்துட்டாரா?"

ராஜமாணிக்கம் எதையும் மறக்கிறவர் அல்ல. பிள்ளைகளின் பிறந்தநாளைக்கூட ஒருநாளும் மறந்ததில்லை. வேனில் திரும்பும்போது ஜாஹிரா டிரைவரை அவசரப்படுத்திக்கொண்டே வந்தாள். டவுனுக்குள் வண்டியை விடவில்லை. பஸ்களை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்தார்கள். அவள் பாதி வழியிலேயே இறங்கி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஜனத்தோடு ஜனமாக ஓட்டமும் நடையுமாக அடி அண்ணாமலைக்கு வந்து சேர்ந்தாள். வெயில் தாழ்ந்திருந்தது. இல்லத்து வாசலில் அர்ஜுனனின் கார் நின்றது.

சமையல்கட்டு வாசலில் வெள்ளையம்மாள் நின்றிருந்தாள். இல்லம் தொடங்கிய நாளிலிருந்து அங்கே சமைக்கிறவள். ஜாஹிராவைக் கண்டதும் அவள் முகம் மாறியது.

"இப்ப உள்ள போகாத பாப்பா. சொன்னாக் கேளு."

ஜாஹிரா ஆபீஸ் கதவைத் தள்ளினாள்.

அவளுடைய கல்யாணப் படத்துக்கு நேர் கீழே அர்ஜுனன் உட்கார்ந்திருந்தார், கையில் காபி டம்ளரோடு. அவர் காலடியில், புதுப் பாவாடை கட்டி, பூ வைத்து, கவிநிலா மண்டியிட்டிருந்தாள். ராஜமாணிக்கம் பக்கத்தில் நின்று, வழக்கமான அந்த இதமான குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு வாட்டி சொல்லும்மா. மாமாவப் பத்தித் தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்கன்னு."

குழந்தை சொன்னது. சொல்லிவிட்டு நிமிர்ந்து ஜாஹிராவைப் பார்த்தது. அந்தப் பார்வையில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. 'நீதான சொன்ன, அப்பா இருக்கும்போது இன்னா பயம்னு' என்ற கேள்வி மட்டும் இருந்தது. அந்தக் கேள்விக்கு ஜாஹிரா செத்திருக்கலாம்.

"சின்னப் புள்ளதான, விடுங்க ஐயா," என்றார் அர்ஜுனன் பெருந்தன்மையாக. "கால்ல காயம்னு சொன்னீங்க. நடக்க வேணாம். நான் கார்லயே ஒரு சுத்து சுத்தி இட்டுனு வந்துடறேன்."

ஜாஹிரா போய்க் கவிநிலாவைத் தூக்கி நிறுத்தித் தன் பின்னால் மறைத்துக்கொண்டாள். அர்ஜுனன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

"என்னப்பா பண்ணிட்டீங்க?"

"சத்தம் போடாத. ஒக்காரு."

"பாத்துக்கறேன்னு சொன்னீங்களே."

"பாத்துட்டேன். விசாரிச்சேன். அவரு சாமி படத்த தொட்டு இல்லன்னு சொல்லிட்டாரு. இவ மன்னிப்புக் கேட்டுட்டா. முடிஞ்சிது." ராஜமாணிக்கம் நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்தார். "நீ எனக்குப் பொண்ணு மாதிரி, அதனால சொல்றேன். அவரு கைய எடுத்துட்டா இந்த இல்லம் நிக்காதும்மா. ஒரு புள்ள சொல்ற கதைக்காக எல்லாப் புள்ளையும் தெருவுல நிக்கணுமா? ஒரு குடும்பத்த நடத்தறவன் எல்லாத்தையும் யோசிக்கணும்."

"கார்ல அனுப்பறீங்களேப்பா. கால வெட்டிக்கினு வந்து நிக்குது. அத திரும்பவும் அவரோடயே…"

"அனுப்பலன்னா சந்தேகப்பட்டோம்னு ஆயிடும்."

"நான் போலீசுக்குப் போறேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லாத பார்வை. பால் காய்ச்சிக் கொடுத்த காலத்தில் பார்த்த அதே கனிவு. அந்தக் கனிவோடுதான் சொன்னார்.

"போ. ஆனா ஒண்ணு யோசிச்சுக்க. பௌர்ணமி அன்னிக்கு, கிரிவலத்துல, ஒரு பெரிய மனுஷன் மேல புகார் குடுத்தவ பேரு ஜாஹிரான்னு தெரிஞ்சா, இந்த ஊரு அத எப்படி எடுத்துக்கும்? மஸ்தான் கட வச்சிருக்கான். அவனையும் யோசிச்சுக்க."

ஜாஹிராவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பெத்தவங்க வச்ச பேரு, அத எடுக்க நான் யாரு என்று அன்றைக்குச் சொன்ன வாய். அந்தப் பெயரை இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்தது கத்தியாக அவள் கழுத்தில் வைப்பதற்கா? அடித்திருந்தால் தாங்கியிருப்பாள். வெளியே போ என்று தள்ளியிருந்தாலும் தாங்கியிருப்பாள். 'நீ எங்க ஆள் இல்லை' என்று அந்த ஒரு மனிதர் சொல்லாமல் சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவள் அழவில்லை. குனிந்து கவிநிலாவை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். வளர்ந்த பிள்ளை, கனத்தது. வெட்டுப்பட்ட கால் தரைக்கு மேலே தொங்கி ஆடியது. அப்படியே வாசலைத் தாண்டினாள்.

வெள்ளையம்மாள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"பாப்பா, நில்லு. நீ மொத ஆளு இல்ல. தென்றலும் இதத்தான் வந்து சொன்னா."

ஜாஹிரா நின்றாள். தென்றல் அவளோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள். உண்டியலில் கை வைத்தாள் என்று சொல்லி ஒருநாள் வெளியே அனுப்பப்பட்டவள். அன்று ஜாஹிரா அழுத அழுகைக்கு, 'திருட்டுப் புள்ளைக்காக அழலாமா' என்று கண்ணைத் துடைத்துவிட்டவரும் ராஜமாணிக்கம்தான்.

"அப்ப வேற ஒரு மனுஷன்," என்றாள் வெள்ளையம்மாள். "அவனும் பெரிய கைதான். அந்தப் பொண்ணு திருடல. எனக்குத் தெரியும். சோத்துக்கு பயந்து வாய மூடிக்கினேன்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவருகிட்டதான சொன்னா."

ஆம், வேறு யாரிடம் சொல்லியிருப்பாள்? மடிநிழலில் எல்லா வார்த்தையும் போய்ச் சேருகிற காது அது ஒன்றுதானே. அதற்குள் போன எதுவும் திரும்பி வெளியே வந்ததில்லை. அந்த வழியைப் பிள்ளை பிள்ளையாகக் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தவள் ஜாஹிரா. அவளுடைய அன்பை வைத்தே அவர் அந்தப் பிள்ளைகளின் வாயைக் கட்டியிருந்தார்.

ரோட்டில் ஜனம் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. மலை உச்சியின்மேல் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்கு எதிர்த்திசையில், போலீஸ் உதவி மையப் பந்தலைப் பார்த்து ஜாஹிரா நடந்தாள். பின்னாலிருந்து இல்லத்து வாட்ச்மேனின் குரல் கேட்டது. "அந்தப் பொம்பளைய நிறுத்துங்க. கொழந்தையத் தூக்கினு போறா."

கூட்டம் சட்டென்று வளைத்துக்கொண்டது. ஒருவன் அவள் கையைப் பிடித்தான். "யாரும்மா நீ? யார் கொழந்த இது?" இன்னொருவர் முக்காட்டைப் பார்த்தார், குழந்தையின் நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்தார், மறுபடி முக்காட்டைப் பார்த்தார். அவர் கண்ணில் ஏதோ இறுகியது. ராஜமாணிக்கம் சொன்னது அவ்வளவு சீக்கிரம் எதிரே வந்து நின்றதைக் கண்டு ஜாஹிரா குழந்தையை இன்னும் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டாள்.

பேசியது கவிநிலா. ஜாஹிராவின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இது எங்க அக்கா. நாங்க போலீசுக்குப் போறோம்," என்றாள்.

"ஆமாய்யா, நானும்தான் போறேன்," என்று மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள் வெள்ளையம்மாள், கையில் கரித்துணியோடு. "நான் அந்த இல்லத்து சமையல்காரி. இந்தப் பொண்ணு பாதையில எவனாச்சும் நின்னீங்க, தெரியும் சேதி. வழி விடுங்க."

கூட்டம் வழி விட்டது.

பந்தலில் இருந்த பெண் போலீஸின் பெயர் சினேகா. சின்ன வயசு. குழந்தையை முதலில் நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். கேள்வி எதுவும் கேட்காமல் அதன் காலைப் பார்த்தாள். ஜாஹிரா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் தன் அதிகாரிக்கும் போன் பண்ணினாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

"உங்க பேரு?"

சொன்னாள்.

"அப்பா பேரு?"

பள்ளிக்கூடச் சேர்க்கையில், ரேஷன் கார்டில், ஓட்டு அட்டையில், அவள் கல்யாணப் பத்திரிகையில் என்று இந்தக் கேள்விக்கு அவள் ஒரே ஒரு பதில்தான் வைத்திருந்தாள். அதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை பொங்கும்.

"ராஜமாணிக்கம்."

"புகார் யார் மேல?"

"அர்ஜுனன்னு ஒருத்தரு. சென்னைக்காரரு. இன்னும் இல்லத்துலதான் இருப்பாரு." ஜாஹிரா முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "அது தெரிஞ்சும் மறைச்சு, கொழந்தைய கால்ல விழ வச்சு, திரும்பவும் அவரோடயே அனுப்பப் பாத்தது… இல்லத்தோட தலைவரு."

"அவரு பேரு?"

"அதான் மேடம், இப்ப சொன்னேனே."

சினேகாவின் பேனா நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீர் பாட்டிலை ஜாஹிரா பக்கம் நகர்த்தி வைத்தாள்.

வழக்கு இருவர்மேலும் நடக்கிறது. அர்ஜுனன் ஜாமீனில் வந்துவிட்டார். மடிநிழலை இப்போது அரசு அனுப்பிய ஒரு அம்மாள் நடத்துகிறார். துணை நடை நின்றுபோனது; வெளியாள் யாரும் எந்தப் பிள்ளையையும் தனியே அழைத்துப் போக முடியாது. ஊரில் பாதிப் பேர் ராஜமாணிக்கத்தின் பக்கம். நல்ல மனுஷனுக்கு நம்பிக்கைத் துரோகம் பண்ணிவிட்டாள், தின்ற வீட்டைக் காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று ஜாஹிராவைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். மஸ்தானின் மெத்தைக் கடையில் வியாபாரம் கம்மியாகிவிட்டது. "ஜனங்க கட்டாந்தரையில தூங்கினா முதுகுக்கு நல்லதுதான், விடு," என்று அவன் சிரிக்கப் பார்க்கிறான். ஒருநாள் ஒரு ஆள் வந்து துணியில் சுற்றிய கனமான பொருள் ஒன்றைக் கடையில் கொடுத்துவிட்டுப் போனான். பிரித்தால், ஆபீஸ் சுவரில் தொங்கிய கல்யாணப் படம். அனுப்பியவர் உடன் ஒரு வார்த்தைகூட எழுதியிருக்கவில்லை. ஜாஹிரா அதை மெத்தைகளுக்கு நடுவில் செருகி வைத்தாள். தூக்கிப் போடவும் முடியவில்லை, மாட்டவும் முடியவில்லை.

புது அம்மாள் அவளைக் கூப்பிட்டு அனுப்பியபோது திரும்ப வேலைக்குப் போனாள். புதுப் பிள்ளைகளுக்கு இப்போது வேறு பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். "ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லிட்டு நிறுத்தாத. என்கிட்ட சொல்லு. நான் கேக்கலன்னா வெள்ளையம்மாகிட்ட சொல்லு. இங்க யாருமே கேக்கலன்னா போன எடுத்து 1098 அடி. நான் தப்பு பண்ணாலும் அதையே செய்."

கவிநிலா வேலூர்ப் பக்கம் வேறொரு இல்லத்தில் இருக்கிறாள். போன பௌர்ணமிக்கு ஜாஹிரா அவளைப் பார்க்கப் போனாள். பிள்ளை ஓடி வந்து, கேட்காமலேயே பெஞ்சில் உட்கார்ந்து காலைத் தூக்கி அவள் மடியில் வைத்தது.

"பாருக்கா. ஒண்ணுமே இல்ல."

வெட்டுகள் மங்கி வெறும் தழும்பாகிவிட்டன. ஜாஹிரா அந்தப் பாதத்தை முகத்தில் ஒற்றிக்கொண்டாள். கவிநிலா கூச்சத்தில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மெல்லக் கேட்டாள்.

"அக்கா, அப்பா இன்னும் நம்ம மேல கோவமா இருக்காரா?"

அவரை அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லத்தான் ஜாஹிரா வாயெடுத்தாள். இனி அவர் ராஜமாணிக்கம் சார் மட்டும்தான் என்று சொல்ல நினைத்தாள். வாய்க்குள் அந்தச் 'சார்' யாரோ அந்நியனின் பெயர்போலக் கிடந்தது. வெளியே வரவில்லை.

"கோவம் அவருக்கு இருந்தா இருந்துட்டுப் போவுது," என்றாள் கடைசியில். "நமக்குத்தான் இருக்கணும் கண்ணு."

கொண்டுவந்த பையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்து, அந்தப் பாதத்தில் தடவ ஆரம்பித்தாள்.